மாஹிம் கழியும் மழையின் கணக்கும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை அமைத்தார் வள்ளுவர். மழை பொய்த்தால் பசி வரும் என்பதை உழவர் அனைவரும் அறிவர். ஆயினும், மழை பொய்த்த ஊரில் எல்லாரும் பட்டினியால் மடிவதில்லை. மடிந்தவர் யார் என்னும் வினா நம்மைத் தாராவிக்கும் மாஹிம் கழிக்கரைக்கும் அழைத்து வருகிறது.

நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்னது 1876இல் தொடங்கியது. பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மேல் வெப்பமுற்றதே அவ்வாண்டு பருவமழை தவறியதற்குக் காரணம் என்பர் இன்றைய வானிலை அறிஞர். 1878க்குள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இருப்புப்பாதை தானியத்தைக் கொணர்ந்தது. விலையோ கூலியாளின் கைக்கு எட்டாமல் ஏறியது. நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். அது உயிரைத் தாங்காது என்று வாதிட்டார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். அதே 1877இல் டெம்பிள் பம்பாய் மாகாண ஆளுநரும் ஆனார்.

பஞ்சத்தில் தானியம் இல்லாமற்போவதைவிட, அதைப் பெறும் வலிமை ஏழைக்கு இல்லாமற்போவதே கொடிது என்பதை அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அவ்வலிமை இழந்தோரே ஊரை விட்டனர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றோர் பலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் வந்தோர், கோலி மீனவர் வாழ்ந்த தாராவியில் தோல் பதனிட்டுப் பிழைத்தனர். மேட்டு நிலம் அவர்களுக்குக் கிட்டவில்லை. சதுப்பைக் குப்பையாலும் மண்ணாலும் தூர்த்துக் குடிசை இட்டனர்.

வறண்ட வானுக்கு அஞ்சி வந்தவர் பெயரரைப் பெருகிய வானம் தேடி வந்தது. 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கரையோரச் சதுப்புகளை இழந்து ஒடுங்கிய மித்தி ஆறு, மாஹிம் கழியில் கடல் எதிர்த்து நிற்க, பொங்கியது. அன்றாடங்காய்ச்சியின் வீட்டில் நீர் புகுந்தால் அரிசியும் நனைகிறது. பட்டறை மூடுவதால் மறுநாள் கூலியும் போகிறது. புவி வெப்பமுறுவதால் இத்தகைய பெருமழைகள் மிகுகின்றன. ஊரில் வறட்சியும் கடுமையாகிறது.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தகுதியுடையோருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. ஆனால் அட்டை ஊரிலும் வயிறு பம்பாயிலுமாக இருந்தோர் 2020 ஊரடங்கில் தவித்தனர். எந்த மாநிலத்து அட்டையையும் எங்கும் பயன்படுத்தும் முறை 2022க்குள் நாடெங்கும் வந்தது. புதிதாக வரும் நம்மவருக்கு அவ்வுரிமையை எடுத்துரைத்து, கடைவாசல் வரை உடன் செல்வது சங்கத்தார் செய்யத்தக்க பணியாகும். மழையை நாம் ஆள இயலாது. மழை தவறிய நாளில் அண்டை வீட்டார் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தல் நம்மால் இயலும்.