காற்றுத் துப்பாக்கியின் உயர் அழுத்தக் காற்று சிலிண்டர்கள்: நிரப்பும் முறையும் அழுத்தக் கட்டுப்பாடும்

குண்டைத் தள்ளுவதற்கான காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கியைச் சுடுவோர் 'பி.சி.பி.' என்கிறார்கள். குழலுக்கு அடியில் உள்ள சிறு சிலிண்டரில் பெரும்பாலும் 200 பார், சில வகைகளில் 300 பார் வரை காற்று இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரில் 10 பாருக்கும் குறைவு. எனவே இச்சிலிண்டரை நிரப்புவதை டயருக்குக் காற்றடிக்கும் வேலையின் பெரிய வடிவமாக எண்ணிவிடக் கூடாது. அதற்குத் தனிக் கருவியும் தனி முறையும் உண்டு. சிலிண்டர் பெரிதானால் தனிச் சட்டமும் உண்டு.

இத்தகைய துப்பாக்கி புதிதன்று. ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 முதல் சில பத்தாண்டுகள் பயன்படுத்தியது. அதன் கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. இன்று இதன் முதன்மையான களம் 10 மீட்டர் போட்டி. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் 1984இலும் ஏர் பிஸ்டல் 1988இலும் சேர்ந்தன. 2012 லண்டனில் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் அதே பிரிவில் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். இப்போட்டியின் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் வெளிவராவிட்டால் அதைத் தொட முடியாது. அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம் இதுவே.

சட்டத்தின் பார்வை

இந்தச் சிலிண்டருக்கும் பட்டாசுக்கும் சட்டத்தில் ஒரு தொடர்பு உண்டு. சிவகாசியை அடுத்த நாரணாபுரம் வட்டாரத்தில் பட்டாசு ஆலை நடத்துவோர் தங்கள் உரிமங்களை 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ்' என்று பிரித்துப் பேசுவது வழக்கம். முதல் இரண்டையும் தருவது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு. பட்டாசு மருந்தைக் கண்காணிக்கும் இந்நிறுவனமே உயர் அழுத்தக் காற்று சிலிண்டரையும் கண்காணிக்கிறது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் 1938இல் வெளியான அறிவிப்பு, உலோகக் கலத்தில் அழுத்தி அடைத்த எந்த வாயுவையும் வெடிபொருளாகவே கருத வேண்டும் என்றது. அதிலிருந்து 1940, 1981, 2004 ஆண்டுகளின் விதிகள் வந்தன. இப்போது நடப்பில் உள்ளவை வாயு சிலிண்டர் விதிகள், 2016. வெறும் காற்று எப்படி வெடிபொருளாகும் என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை கணக்கில் இருக்கிறது.

10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் காற்று இருந்து, அது திடீரென உடைந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 390 கிலோஜூல். கருமருந்து கிராமுக்குச் சுமார் 3 கிலோஜூல் தரும் என்று கொண்டால், இது 130 கிராம் கருமருந்துக்குச் சமம். நெருப்போ புகையோ இராது. ஆனால் கிழிந்த எஃகும் பிய்ந்து பறக்கும் வால்வும் உயிரை வாங்கப் போதும். துப்பாக்கியில் உள்ள 200 மில்லிலிட்டர் சிலிண்டரில்கூட ஏறத்தாழ 8 கிலோஜூல் அடங்கியிருக்கிறது. போட்டித் துப்பாக்கியின் குண்டு எடுத்துச் செல்லும் ஆற்றலோ சுமார் 8 ஜூல். அதாவது துப்பாக்கியின் வாயைவிட அதன் வயிற்றில் ஆயிரம் மடங்கு ஆற்றல் இருக்கிறது. குண்டைக் கண்டு அஞ்சுகிறவர்கள் சிலிண்டரை அலட்சியமாகக் கையாள்வது விந்தைதான்.

விதிகள் சிலிண்டர் என்று கொள்வது 500 மில்லிலிட்டருக்கு மேல் 1000 லிட்டர் வரை கொள்ளளவுள்ள கலத்தை. போட்டித் துப்பாக்கியின் சிறு சிலிண்டர் பெரும்பாலும் இவ்வரம்புக்குக் கீழே நின்றுவிடுகிறது. அதை நிரப்ப உதவும் 5, 7, 10 லிட்டர் சிலிண்டர்கள் வரம்புக்குள் வருகின்றன. அவை பெசோ ஒப்புதல் பெற்ற வகையாக இருக்க வேண்டும். அவற்றை நிரப்பும் நிலையத்துக்கு உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கான சட்டம் வேறு: 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் சிலிண்டருக்கும் விதி இல்லை என்று பொருளாகாது.

சிலிண்டரைப் படித்தல்

சிலிண்டரின் தோள்பட்டையில் அடித்திருக்கும் எழுத்துகளே அதன் பிறப்புச் சான்று. தயாரிப்பாளர் குறி, வரிசை எண், தர எண், வெற்று எடை, நீர்க்கொள்ளளவு, வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த காலம் ஆகியவை அதில் இருக்கும். வேலை அழுத்தம் என்பது 15 பாகை செல்சியஸில் உள்ள அழுத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். தென்மாவட்ட வெயிலில் இந்த வேறுபாடு சிறிதன்று. 15 பாகையில் 200 பாராக இருப்பது 40 பாகையில் ஏறக்குறைய 217 ஆகிறது. பூட்டிய காருக்குள் 65 பாகை ஏறினால் 235ஐத் தொடும். நல்ல சிலிண்டர் இதைத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. ஆனால் வரம்புக்கு மேல் நிரப்பியதையோ சோதனைக் காலம் கடந்ததையோ வெயிலில் விடுவது வேறு கதை.

எஃகுச் சிலிண்டருக்கு வழக்கமாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. உள்ளே நீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலாக ஏற்றி, சுவர் எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை நீக்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். நீர் அமுங்காது, சிலிண்டர் கிழிந்தாலும் சிதறாது என்பதால்தான் காற்றை விட்டு நீரால் சோதிக்கிறார்கள். அலுமினிய சிலிண்டர்களில் 6351 என்ற பழைய கலவையில் செய்தவை ஆண்டுக்கணக்கில் அழுத்தத்திலேயே இருந்து கழுத்துத் திருகில் விரிசல் விட்டிருக்கின்றன. 1980களுக்குப் பின் 6061 கலவை அதன் இடத்தைப் பிடித்தது. எடை குறைந்த கார்பன் இழை சிலிண்டருக்கு மொத்த ஆயுளே பெரும்பாலும் 15 ஆண்டுகள்தான். துப்பாக்கியோடு வரும் சிறு சிலிண்டருக்கும் தயாரிப்பாளர் காலவரம்பு குறிக்கிறார். 10 ஆண்டு என்பது பரவலான அளவு. காலம் கடந்த சிலிண்டரோடு வராமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி சொல்கிறது.

தீயணைப்புக் கருவியின் கலம், கார் சி.என்.ஜி. சிலிண்டர், பழைய மருத்துவமனை சிலிண்டர் ஆகியவற்றை வால்வு மாற்றித் துப்பாக்கியை நிரப்பப் பயன்படுத்துவோர் உண்டு. இதில் சிக்கனம் எதுவும் இல்லை; ஆபத்துதான் உண்டு.

நிரப்பும் காற்று

நிரப்ப வேண்டியது காற்று மட்டுமே, ஆக்ஸிஜன் அன்று. வெல்டிங் பட்டறையில் கறுப்பு நிற ஆக்ஸிஜன் சிலிண்டர் எளிதில் கிடைக்கும்; ஏறக்குறைய அதே அழுத்தத்தில் கிடைக்கும்; எனவே கை அங்கே போகிறது. கருமருந்தில் வெடியுப்பு கரிக்கும் கந்தகத்துக்கும் ஆக்ஸிஜன் தந்து எரிப்பதைப் போல, அழுத்திய ஆக்ஸிஜன் துப்பாக்கிக்குள் இருக்கும் கிரீஸையும் ரப்பர் ஓ-ரிங்கையும் எரிபொருளாக்கிவிடும். தீப்பொறியே வேண்டாம், வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு அமுங்கி எழும் சூடு போதும். சாதாரணக் காற்றிலும் எண்ணெய் ஆபத்தானதே. அதிவேகமாக அமுக்கிய காற்று டீசல் என்ஜினில் எண்ணெயைப் பற்றவைக்கிறதல்லவா, பம்பின் குழாயிலும் அது நடக்கக்கூடும். அதனால் இந்த இணைப்புகளில் மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், வாசலின் எதுவும் தடவக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸைச் சிறிதளவு தடவினால் போதும்.

அடுத்த எதிரி ஈரம். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் சிவகாசியில் வேரூன்றக் காரணம் அங்குள்ள வறண்ட காற்று என்பார்கள். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாகத்தான் இருக்கும். 30 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் கனமீட்டருக்கு 18 கிராம் நீர் உண்டு. 7 லிட்டர் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்ப ஏறக்குறைய 2 கனமீட்டர் காற்று தேவை; நீரைப் பிரிக்கும் கருவி இல்லாவிட்டால் 36 கிராம் நீரும் கூடவே உள்ளே போகும். அது எஃகை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வால்வு அமர்ந்து மூடும் ஆசனத்தையும், அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டரையும் அரிக்கும். எனவே கம்ப்ரசரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு நீர் வடிப்பானும், முடிவில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியும் வேண்டும். 300 பாரை ஒரே அமுக்கலில் எட்ட முடியாது. மூன்று அல்லது நான்கு கட்டங்களாக, இடையிடையே குளிரவைத்து ஏற்றுவார்கள். கைப்பம்பும் மூன்று கட்டம் கொண்டதே. சில நிமிடங்கள் அடித்துவிட்டு அது ஆறும்வரை நிறுத்தி, வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். சிறிய மின் கம்ப்ரசரைத் தொடர்ந்து ஓட்டுவதும் அப்படியே கேடு தரும்.

பட்டாசு வட்டாரத்துக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. கம்ப்ரசர் உறிஞ்சும் காற்று எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். அலுமினியத் தூளும் கந்தகத் தூளும் மிதக்கும் இடத்தில் கம்ப்ரசரை வைத்தால் எரியும் தூசியைத் தேடிச் சென்று அமுக்குவதாக ஆகும். மருந்து கலக்கும் அறைக்கு அருகில் மின் மோட்டாரே கூடாது. நிரப்பும் இடம் ஆலை வளாகத்துக்கு வெளியே, நிழலும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும்.

நிரப்பும் வரிசை

முதலில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, வாயை ஆளில்லாத திசையில் வைக்க வேண்டும். போட்டித் துப்பாக்கியில் சிலிண்டரைத் திருகிக் கழற்றித் தனியே நிரப்புவது வழக்கம். இணைப்பின் திருகுகளும் ஓ-ரிங்கும் தூசியின்றி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பெரிய சிலிண்டரோடு சேர்க்க வேண்டும். இங்கே டின் எனப்படும் ஜெர்மன் தரத்தின் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும்: 300 பார் வால்வின் குழி 200 பார் வால்வின் குழியைவிட ஆழமானது. ஆகவே 200 பாருக்கான இணைப்பை 300 பார் சிலிண்டரில் மாட்டினால் அது அடைத்துப் பிடிக்காது. தவறைத் தடுக்கவே செய்த அமைப்பு இது; இடையில் வேறு துண்டு வைத்து இதை ஏமாற்றக் கூடாது.

பெரிய சிலிண்டரின் வால்வை மெல்ல, மிக மெல்லத் திறக்க வேண்டும். அழுத்தமானியின் முள் ஊர்ந்து ஏற வேண்டும், துள்ளக் கூடாது. அப்போது அதன் முகப்புக்கு நேரே கண்ணை வைக்கக் கூடாது. வேகமாக நிரப்பினால் காற்று சூடேறிப் பொய்க் கணக்குக் காட்டும்: 50 பாகையில் 200 பார் காட்டியது 25 பாகைக்கு ஆறியதும் 185க்கு இறங்கிவிடும். அதை ஈடுகட்ட முதலிலேயே கூடுதலாக ஏற்றுவது தவறு; ஆறவிட்டு மீண்டும் நிரப்ப வேண்டும். போதிய அழுத்தம் வந்ததும் வால்வை மூடி, இடைக்குழாயில் சிக்கிய காற்றை வடிகுழாய் வழியே வெளியேற்றிய பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். வெளியேற்றாமல் கழற்றினால் குழாய் சாட்டைபோல் சுழன்று அடிக்கும். இவ்வேலையில் காயம் படுபவர்களில் பலர் இந்தக் கடைசி நொடியில்தான் படுகிறார்கள்.

300 பார் கொண்ட 7 லிட்டர் சிலிண்டர் ஒன்றிலிருந்து, 200 மில்லிலிட்டர் துப்பாக்கிச் சிலிண்டரை 100 பாரிலிருந்து 200க்கு ஏறக்குறைய 30 முறை முழுதாக நிரப்பலாம். 200 பார் சிலிண்டரானால் முதல் முறையே 200ஐ எட்டாது. மேலும், 300 பாரில் காற்று எளிய வாயு விதிப்படி நடப்பதில்லை; கணக்கைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே அடங்கும்.

ரெகுலேட்டர்

ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் அழுத்தம் மிகுதியாக இருந்தால் வால்வு சரியாகத் திறக்காமல் குண்டு மெதுவாகப் போகும். நடுவில் வேகம் உச்சத்தைத் தொடும். பிறகு படிப்படியாக இறங்கும். ரெகுலேட்டர் சிலிண்டரின் 200 பாரைக் குறைத்து, போட்டித் துப்பாக்கியில் பெரும்பாலும் 100க்கும் கீழான ஒரே அளவில் சிறு அறையில் நிறுத்துகிறது. நடுவே துளையிட்ட பிஸ்டன் ஒன்றைக் கிண்ண வடிவ வாஷர்களின் அடுக்கு திறந்த நிலையில் பிடித்திருக்கும். துளை வழியே காற்று அறைக்குச் செல்லும். அறையின் அழுத்தம் ஏறி வாஷர்களின் விசையை வென்றதும் பிஸ்டன் பின்வாங்கி, அதன் முனை ஆசனத்தில் அமர்ந்து வழியை அடைக்கும். குண்டு போனதும் அறை அழுத்தம் இறங்கி மீண்டும் திறக்கும்.

வாஷர்கள் இருக்கும் பகுதிக்கு வெளிக்காற்றோடு தொடர்புள்ள ஒரு நுண்துளை கட்டாயம் உண்டு. அங்கே காற்று கசிகிறது என்று அதை அடைத்துவிடுவோர் உண்டு. அடைத்தால் கசிந்த காற்று வாஷர்களோடு சேர்ந்து பிஸ்டனைத் தள்ளி, அறை அழுத்தத்தை ஏற்றிவிடும். கசிவு ஓ-ரிங் கெட்டதன் அறிகுறி. மாற்ற வேண்டியது ஓ-ரிங்கைத்தான். ஆசனத்தில் தூசியோ கீறலோ இருந்தால் அறை அழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். சிறிது நேரம் வைத்துவிட்டுச் சுடும்போது முதல் குண்டு மட்டும் வேறு வேகத்தில் போவது இதன் அடையாளம். வேகமானி இல்லாமல் ரெகுலேட்டரைத் திருகுவது குருட்டு வேலை; காற்றை முழுதும் வெளியேற்றாமல் கழற்றுவது உயிரோடு விளையாடுவது.

சோதனையில் தோற்ற சிலிண்டரைப் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே போட விதிகள் இடம் தருவதில்லை. அதை நசுக்கவோ, மீண்டும் வெல்டிங் செய்து ஒட்ட முடியாதபடி துண்டுகளாக வெட்டவோ வேண்டும்.