நீரடியில் தெல்தெனிய: 1815 என்னும் எல்லைக்கோடு

கடும் வறட்சியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழும்போது பழைய தெல்தெனிய நகரின் அத்திவாரங்களும் சிதைந்த சுவர்களும் வெளித்தோன்றுகின்றன. காண்பதற்கு மக்கள் திரள்கின்றனர். மழை பெய்ததும் அனைத்தும் மறைகின்றன. இவ்விடிபாட்டை வரலாற்றுச் சின்னமாகக் கொள்ளலாமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதியை எல்லையாக வகுத்தது. பிற்பட்ட கட்டடங்கள் தனிப் பிரகடனத்தை வேண்டிநிற்பன. அத்திகதி கண்டி ஒப்பந்தத்திற்குரியது. அதற்குப் பன்னிரு நாட்களின் முன், பெப்ரவரி 18இல், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டது தெல்தெனியவுக்கு அப்பாலுள்ள மெதமகாநுவரப் பகுதியிலேயே. மன்னனுடைய வீழ்ச்சியோடு மரபுரிமையும் முடிவெய்திவிட்டதெனச் சட்டம் கருதியது போலும்!

ஆனால் தும்பறைப் பள்ளத்தாக்கின் இன்றைய சமூக அமைப்பு உருவாகத் தொடங்கியதே அதன் பின்னர்தான். 1840இன் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச்சட்டம் கிராமத்தவரின் காடுகளையும் சேனை நிலங்களையும் முடியின் உடைமையாக்க வழிசெய்தது. அந்நிலங்களிற் கோப்பி எழுந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் பள்ளத்தாக்கிற் கொக்கோவும் மலைச்சரிவுகளில் தேயிலையும் இடம்பிடித்தன. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் லயங்களில் அடைக்கப்பட்டனர். தெல்தெனிய போன்ற கடைவீதி நகரங்களே சிங்களக் குடியானவரும் முஸ்லிம் வியாபாரியும் தோட்டத் தமிழரும் எதிர்ப்பட்ட களங்கள். அச்சந்திப்பினைச் சமத்துவமானதென நாம் புனைந்துரைக்க வேண்டியதில்லை. கடனும் வட்டியும் அங்கேதான் கணக்கெழுதப்பட்டன. எனினும், பேரினவாத வரலாறு தனித்தனியே பிரித்துக் காட்டும் மக்கள் ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகள் என்பதற்கு இத்தகைய வீதியினும் தெளிவான சான்று வேறெது?

பிரித்தானிய நிதியுதவியுடன் கட்டப்பட்ட 122 மீற்றர் உயர அணை 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்னாற்றல் 210 மெகாவாற்று. நாட்டின் மின்தேவையை நாம் மறுக்கவில்லை. மேட்டுநிலத்திற் புதிய நகர் எழுந்தது. வெளியேறியோரிற் பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். ஆயினும் நட்டஈடு உறுதிப்பத்திரத்தைத் தொடர்ந்து செல்வது. லயத்தறையோ தோட்டத்தின் சொத்து. அதில் வாழ்ந்தோரிற் பெரும்பான்மையினரது குடியுரிமையையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. நிலத்தின் மீது எழுத்திலான உரிமை எதுவுமில்லாதோரின் இழப்பை எந்த இடாப்பிலே தேடுவது?

எனவே இவ்விடிபாட்டைச் சுற்றுலாக் காட்சியாக விட்டுவிடுதல் தகாது. அடுத்த வறட்சியில் நீர் வடியும்போது வீதியின் தடமும் கட்டடங்களின் நிலைகளும் அளந்து வரையப்படல் வேண்டும். அவ்வீதியில் நடமாடியோர் இன்று முதியோர். கடைக்காரர், கமக்காரர், தோட்டத் தொழிலாளர் ஆகிய முத்திறத்தாரின் வாய்மொழியையும் சிங்களத்திலும் தமிழிலும் பதிவுசெய்யும் பணியை வரலாறு, தமிழ், சிங்களத் துறை மாணவர் கூடி மேற்கொள்ளலாம். பேராதனையிலிருந்து அவ்விடம் தொலைவிலில்லை.