காக்கைக் கூட்டம்: டோக்கியோவின் கறுப்பு உடை வரலாறு

1980களின் தொடக்கத்தில் டோக்கியோவின் அவோயாமா, ஹராஜூகு பகுதிகளில் தலை முதல் கால் வரை கறுப்பே உடுத்தி, உடலை ஒட்டாமல் அடுக்கடுக்காகத் தொங்கும் துணிகளோடு நடமாடிய இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஜப்பானியப் பத்திரிகைகள் ‘கராஸு-ஸோகு’, அதாவது காக்கைக் கூட்டம், என்று அழைத்தன. போருக்குப் பிந்தைய ஜப்பானில் புதிய நடையுடையோடு தெருவுக்கு வரும் ஒவ்வோர் இளைஞர் திரளுக்கும் கூட்டம் என்று பொருள்படும் ‘ஸோகு’ என்ற சொல்லைச் சேர்த்து ஒரு பெயர் சூட்டுவது பத்திரிகைகளின் வழக்கம். 1964இல் கின்ஸா கடைத்தெருவில் கூடியவர்கள் மியுகி-ஸோகு ஆனார்கள், 1980ஐ ஒட்டி ஹராஜூகுவில் வாகனங்கள் தடுக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைச் சாலையில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் ஆடியவர்கள் தாகெனோகோ-ஸோகு ஆனார்கள். இத்தகைய பெயர்கள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்ததைப் போலவே காக்கைக் கூட்டத்தின் பெயரும் தேய்ந்துபோயிற்று என்றாலும், அவர்கள் உடுத்திய உடை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விற்கப்படுகிறது, உடுத்தப்படுகிறது. அவ்வுடையைத் துக்கத்தின் குறியாகவோ கீழைநாட்டு ஞானத்தின் வெளிப்பாடாகவோ கொள்வது மேலைநாட்டு விமர்சனத்தில் ஊறிப்போன பழக்கம். சாயம், தறி, வெட்டு, மாதச் சம்பளம் ஆகியவற்றின் வழியே பார்த்தால் அதன் வரலாறு வேறாகத் தெரிகிறது.

ஜப்பானில் கறுப்பு உடை புதிதன்று. ஆனால் அதை எப்போது, யார் உடுத்தலாம் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. குடும்பச் சின்னம் வெள்ளையில் தெரியும்படி கறுப்புச் சாயம் ஏற்றப்பட்ட ‘கூரோமோன்ட்சுகி’ என்னும் பட்டுடை எடோ காலத்துச் சாமுராய்களிடமிருந்து பொதுமக்களின் சடங்குடையாகப் பரவியது. மணமான பெண்கள் நெருங்கிய உறவினர் திருமணத்தில் உடுத்தும் ‘கூரோதோமேசோதே’ கீமோனோவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இழவு வீட்டின் நிறம் நெடுங்காலம் வெள்ளையாகவே இருந்தது. மெய்ஜி ஆட்சியில் ஐரோப்பிய அரசவை வழக்கம் புகுந்த பிறகுதான் அது கறுப்புக்கு மாறத் தொடங்கியது. ஐரோப்பியப் படைச் சீருடையை ஒட்டி 1886இல் டோக்கியோவின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட, நின்ற கழுத்துப்பட்டியுடைய கறுப்புச் சீருடை, பின்னர் பள்ளிகளுக்கும் பரவிப் பல தலைமுறை ஆண்பிள்ளைகளின் அன்றாட உடையாயிற்று. காபுகி நாடக மேடையில் நடிகருக்குப் பொருளெடுத்துக் கொடுக்கும் உதவியாளர் முகம் உட்பட முழுவதும் கறுப்பால் மூடிக்கொள்வார். அவர் கண்ணுக்குத் தெரியாதவர் என்பது பார்வையாளர் ஒப்புக்கொண்ட மரபு. சடங்கு, சாவு, பள்ளி, மேடை என்று ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுக்கப்பட்டிருந்த இந்நிறத்தை, காரணம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் உடுத்தியதுதான் காக்கைக் கூட்டத்தார் செய்த மீறல்.

இந்நிறத்தைத் துணியில் ஏற்றுவது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்திருந்தது. துவர்ப்புள்ள ஒரு தாவரச் சாறும் இரும்பும் சேரும்போது கருமை உண்டாகும் என்பது பல நாடுகளின் சாயக்காரர்கள் அறிந்த உண்மை. ஜப்பானில் அந்தத் துவர்ப்புக்காகப் பயன்பட்ட பொருள்களுள் தெற்குக் கடல்வழியே வந்திறங்கிய பாக்கும் ஒன்று. பாக்கின் பெயரால் ‘பின்ரோஜி’ எனப்பட்ட கறுப்பு, உயர்குடியினரின் உடைக்குரிய உயர்ந்த சாயமாக மதிக்கப்பட்டது. வெற்றிலையோடு மெல்லப்படும் பொருள் மற்றொரு கரையில் சாமுராய்களின் கறுப்பாக மாறிய செய்தி தமிழ் வாசகருக்குச் சுவையானது. கறுப்பை நேராக வெள்ளைப் பட்டின்மேல் ஏற்றினால் அது ஆழமற்ற சாம்பல் சாயலில் நின்றுவிடும் என்பதால், கியோட்டோவின் சாயக்காரர்கள் முதலில் சிவப்பையோ அவுரி நீலத்தையோ அடிச்சாயமாக ஏற்றி, அதன்மேல் கறுப்பை ஏற்றினார்கள். அடியில் சிவப்பு இருந்தால் கருமை வெதுவெதுப்பாகவும், நீலம் இருந்தால் குளிர்ச்சியாகவும் தோன்றும். கறுப்பு ஒன்றல்ல, பல என்பது பின்னாளில் பாரிஸ் விமர்சகர்களால் பெரிய கண்டுபிடிப்பைப் போலப் பேசப்பட்டது. கியோட்டோவின் சாயப் பட்டறையில் அது வேலையின் முதற்பாடம். வேறுவேறு கடைகளில் வாங்கிய கறுப்புச் சட்டையையும் கறுப்புக் காற்சட்டையையும் வெயிலில் ஒன்றாகப் போட்டுப் பார்த்தவர் எவரும் இதை ஏற்றுக்கொள்வர்.

இந்தப் பின்னணியில் வந்து, காக்கைக் கூட்டத்தாரின் உடைகளை வடிவமைத்த இருவரும் சடங்குக் கறுப்பை மீட்டெடுக்க முனைந்தவர்கள் அல்லர். 1942இல் டோக்கியோவில் பிறந்த ரேய் கவாகுபோ கெயோ பல்கலைக்கழகத்தில் கலை பயின்று, அசாஹி கசேய் என்னும் இழை உற்பத்தி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்து, 1967 முதல் விளம்பரப் படங்களுக்கு உடை தெரிவுசெய்து கொடுக்கும் தனித்தொழிலில் இருந்தபோது, தேவையான உடைகள் சந்தையில் கிடைக்காததால் தாமே உருவாக்கத் தொடங்கியவர். தையற்கலையில் முறையான பயிற்சி பெறாதவர். பையன்களைப் போல என்று பொருள்படும் ‘கோம் தெ கார்சோன்’ என்ற பிரெஞ்சுப் பெயரில் 1969இல் உடைகளை வெளியிட்டு, 1973இல் அதை நிறுவனமாக்கினார். 1943இல் பிறந்த யோஜி யமமோட்டோவின் தந்தை போரில் மாண்டார். தாய் ஷின்ஜூகுவின் காபுகிச்சோ பகுதியில் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தார். கெயோவில் சட்டம் படித்த யமமோட்டோ அத்தொழிலுக்குப் போகாமல் தாயின் தையற்கடையில் உதவினார். பின்பு பூன்கா ஆடைக் கல்லூரியில் பயின்று 1972இல் ‘வைஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆண்களின் மேலங்கியைப் பெண்களுக்கு உடுத்திப் பார்க்கும் எண்ணத்திலிருந்து அவருடைய வெட்டுமுறை பிறந்தது. இருவருடைய வாடிக்கையாளரும் பெரும்பாலும் சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்த நகரப் பெண்கள். வேலைவாய்ப்பில் ஆண்-பெண் சமவாய்ப்புச் சட்டம் ஜப்பானில் 1985இல் நிறைவேறி அடுத்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது என்பதை நினைத்தால், கணவனுக்காகவோ மேலதிகாரிக்காகவோ அலங்கரித்துக்கொள்ளாத ஓர் உடை அதற்கு முந்தைய பத்தாண்டில் அப்பெண்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது விளங்கும். 1980 அளவில் கவாகுபோவின் உடைகள் ஜப்பான் முழுவதும் சுமார் 150 கடைகளில் விற்றன. பாரிஸ் கண்டுபிடிப்பதற்கு முன்பே கறுப்பு உள்நாட்டில் காலூன்றிவிட்டது.

இருவரும் 1981இல் பாரிஸுக்குச் சென்றனர். அதற்கு முன் அந்நகரில் ஜப்பானிய உடை என்றால் 1970 முதல் அங்கே புகழ்பெற்றிருந்த கென்ஸோ தகாதாவின் பூக்களும் வண்ணங்களும்தான். பாரிஸின் சொந்தப் போக்கோ தியெரி முக்லெர், க்ளோத் மோன்தானா போன்றவர்களின் அகன்ற தோளும் இறுகிய இடையும் உயர்ந்த குதியும். இச்சூழலில் தாழ்ந்த செருப்போடு, முகப்பூச்சை மறுத்து, ஓரம் மடித்துத் தைக்கப்படாத கறுப்புத் துணிகளில் நடந்துவந்த பெண்கள் ஓர் அதிர்ச்சியாகவே அமைந்தனர். 1982இல் காட்டப்பட்ட கவாகுபோவின் கறுப்புக் கம்பளிப் பின்னலாடை ஓட்டைகள் நிறைந்தது. பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி, இயந்திரம் தானாகவே பிழைசெய்யும்படி விட்டு உண்டாக்கப்பட்ட ஓட்டைகள் அவை. அதைச் சரிகைப் பின்னலின் புது வடிவம் என்றே அவர் கருதினார். பத்திரிகைகள் கந்தல் என்றன.

அணுகுண்டுக்குப் பிந்தைய உடை என்றும் ஹிரோஷிமாவின் பாணி என்றும் அப்போது எழுதப்பட்டவை இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவை அறியாமையில் பிறந்தவை என்பதை ஒரே செய்தி காட்டிவிடும். அந்தத் தலைமுறையின் ஜப்பானிய உடை வடிவமைப்பாளர்களுள் ஹிரோஷிமா குண்டுவீச்சில் உயிர்பிழைத்தவர் 1938இல் அந்நகரில் பிறந்த இஸ்ஸே மியாகே; அவருடைய பெயரை உலகறியச் செய்தவை மடிப்பு மடிப்பான, கண்ணைக் கவரும் நிறங்களுள்ள உடைகள். ஏழு வயதில் தாம் கண்டதைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதியது 2009இல்தான். அணுகுண்டில் தப்பிய வடிவமைப்பாளர் என்ற முத்திரை விழுவதை அவர் அதுவரை தவிர்த்தே வந்தார். குண்டை நேரில் கண்டவர் வண்ணங்களுக்குப் போக, டோக்கியோவில் வளர்ந்த இருவரின் கறுப்பில் பாரிஸ் குண்டைக் கண்டது. ஜென் தத்துவத்தையும் வறுமையின் அழகையும் கொண்டு அதே உடைகளைப் பின்னர் புகழ்ந்தவர்களும் இந்த வசையாளர்களிடமிருந்து வெகுதூரம் விலகியவர்கள் அல்லர். இரு சாராரும் துணியைப் பார்க்காமல் நாட்டைப் பார்த்தவர்கள்.

துணியே இங்கு முதன்மையானது. மேலைநாட்டுத் தையலில் துணி உடலின் வளைவுக்கேற்ப வெட்டப்பட்டு, மார்பிலும் இடையிலும் கொசுவிப் பிடித்துத் தைக்கப்படும். ஏறத்தாழ 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமே உள்ள நீண்ட துணிச்சுருளை நேர்க்கோட்டில் வெட்டி இணைப்பது கீமோனோ முறை. அதில் உடலுக்கும் துணிக்கும் நடுவே வெற்றிடம் மிஞ்சும், உடுத்துபவர் அசையும்போது அந்த இடம் வடிவம் மாறும். கவாகுபோவும் யமமோட்டோவும் கீமோனோவை நகலெடுக்கவில்லை. ஐரோப்பிய மேலங்கியையும் கால்சட்டையையுமே எடுத்துக்கொண்டு, அந்த வெற்றிடத்தை அவற்றுக்குள் புகுத்தினார்கள். அத்தகைய உடையில் நிறமும் பூவேலையும் இருந்தால் கண் அவற்றிலேயே தங்கிவிடும். கறுப்பாக இருந்தால் விளிம்பின் கோடும், மடிப்பின் நிழலும், மங்கலான கம்பளிக்கும் மினுங்கும் ரேயானுக்கும் உள்ள வேறுபாடும் தெரியும். கறுப்பு இங்கே மனநிலையைச் சொல்வதைக் காட்டிலும் வெட்டுக்காரரின் பிழையையும் திறமையையும் ஒருசேர வெளிக்காட்டும் கண்டிப்பான ஊடகமாக இருந்தது. நன்றாக நெய்யப்படாத கறுப்புத் துணி உடனே மலிவாகத் தோன்றிவிடுவதால், இப்பாணி உள்ளூர் நெசவாளர்களை நம்பியே நின்றது. கிரியூ நெசவு நகரத்தைச் சேர்ந்த ஜூனிச்சி அராய் மியாகேவுக்கும் கவாகுபோவுக்கும் புதுவகைத் துணிகளை நெய்து கொடுத்தார். கவாகுபோவோடு நீண்டகாலம் பணியாற்றிய ஹிரோஷி மத்சுஷிதா, தறியைச் சீராக ஓட்டுவதையே நோக்கமாகக் கொண்ட தொழிலுக்குள் சீரின்மையை வேண்டுமென்றே கொண்டுவந்தார். இவர்களுடைய பெயர்கள் கண்காட்சிப் புத்தகங்களின் பின்பக்கங்களில் மட்டுமே இடம்பெறுவது அந்த வரலாற்றுக்கு நேர்ந்த குறை.

தெருவில் இது பரவிய விதம் அவ்வளவு தூய்மையானதன்று. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானில் எழுந்த ‘டி.சி. பிராண்டு’ அலை, அதாவது வடிவமைப்பாளரின் பெயரையோ தனித்த குணச்சித்திரத்தையோ முன்னிறுத்திய உடை நிறுவனங்களின் பெருக்கம், கறுப்பை ஒரு தேசியச் சரக்காக்கியது. கடைகளில் தம் நிறுவனத்தின் உடையையே உடுத்தி நின்ற விற்பனைப் பெண்கள் ‘ஹவுஸ் மானுகான்’ எனப்பட்டனர். பின்கழுத்து தெரிய வெட்டிய முடியும் சிவந்த உதட்டுச்சாயமும் கடுத்த முகமும் அவர்களுடைய அடையாளமாயின, சம்பளத்தின் பெரும்பகுதி அதே கடையின் உடைகளுக்கே திரும்பிப்போயிற்று. தவணைமுறை விற்பனையால் வளர்ந்த மாருய் பல்பொருள் அங்காடி, கையில் காசில்லாத மாணவர்களுக்கும் கடன் அட்டையின் பேரில் இவ்வுடைகளை எட்டவைத்தது. அதன் தள்ளுபடி நாள்களில் வரிசைகள் தெருவை வளைத்து நின்றன. கூட்டத்திலிருந்து விலகி நிற்பதற்காகக் கறுப்பு உடுத்தியவர்கள் கறுப்பு உடுத்திய கூட்டமாயினர். காக்கை என்ற பெயரில் அந்தக் கேலியும் இருந்தது.

பத்தாண்டின் இறுதியில் பொருளாதாரக் குமிழி பெருத்தபோது உடலை இறுக்கும் பளிச்சென்ற உடைகள் மேலெழுந்தன. கவாகுபோவும் 1988இல் சிவப்புக்குத் திரும்பி, சிவப்பே கறுப்பு என்று அறிவித்தார். ஆனால் அதே ஆண்டுகளில் பெல்ஜியத்தின் மார்டின் மார்ஜியெலா, ஆன் டெமுலமீஸ்டர் ஆகியோர் ஜப்பானியரின் அவிழ்ந்த விளிம்பையும் கறுப்பையும் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள். விம் வெண்டர்ஸ் 1989இல் யமமோட்டோவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். குமிழி வெடித்தபின் கறுப்பு மீண்டும் வந்ததற்குக் கலைக்காரணம் தேடவேண்டியதில்லை. எந்தப் பருவத்தில் வாங்கியது என்று காட்டிக்கொடுக்காத உடை, இந்த ஆண்டு வாங்கியதைப் பத்தாண்டுக்கு முன் வாங்கியதோடு சேர்த்து உடுத்த இடம்கொடுக்கிறது. தொளதொளப்பான வெட்டு உடல் பருத்தாலும் மெலிந்தாலும் பொருந்துகிறது. விலை அதிகமான ஒரு மேலங்கியை இருபது ஆண்டுகள் உடுத்தலாம், அலுத்தால் விற்கவும் செய்யலாம். ‘மோட்-கேய்’ என்று இன்று ஜப்பானில் அழைக்கப்படும் கறுப்புடைப் பாணிக்கு டோக்கியோவின் பழைய உடைக் கடைகளே அருங்காட்சியகமும் அங்காடியுமாக இருக்கின்றன. 2001இல் தொடங்கிய ‘ஜூலியஸ்’ போன்ற அடுத்த தலைமுறை நிறுவனங்களும் இந்தச் சந்தையை நம்பியே கறுப்பைத் தொடர்ந்தன.

ஆனால் நீடித்து உழைக்கும் உடை, அதை விற்பவருக்கு எப்போதும் நன்மை தருவதில்லை. 2009 அக்டோபரில் யமமோட்டோவின் நிறுவனம் கடன் சுமை தாளாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. முதலீட்டு நிறுவனம் ஒன்று பொறுப்பேற்ற பிறகே பெயர் தப்பியது. அதே ஆண்டு, உலகப் பொருளாதார மந்தத்துக்கு மறுமொழியாக, கவாகுபோ தம் பழைய வடிவங்களுள் விரும்பப்பட்டவற்றைக் குறைந்த விலையில் மீண்டும் தைத்து விற்க ‘பிளாக்’ என்ற பெயரில் ஒரு தனி வரிசையைத் தொடங்கினார். மந்தக் காலத்துக்கு மட்டுமான தற்காலிக ஏற்பாடாக அறிவிக்கப்பட்ட அந்த வரிசை, குறித்த காலம் கடந்தும் கடைகளில் நீடித்தது.