கடலடியில் ஒரு குலமொழி

தாயிடம் பேச்சொலியைக் கற்று, தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்துவரும் விலங்கினம் ஒன்று கடலில் உண்டு. கொலைத் திமிங்கிலம் என்று அழைக்கப்படும் ஓர்க்காவே அது. அதன் குரலை மனிதன் செவிமடுத்த வரலாறு வேட்டையில் தொடங்கியது.

1964-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கனடாவின் மேற்குக் கரையை அடுத்த சாட்டர்னாத் தீவருகே ஓர் ஓர்க்காவின்மீது ஈட்டி எய்யப்பட்டது. வான்கூவர் நகரத்து நீர்வாழ் உயிர்க் காட்சிசாலைக்கு ஒரு சிலை வேண்டியிருந்தது. சிலைக்கு மாதிரியாக ஓர் உடல் வேண்டியிருந்தது. ஆயின் அடிபட்ட விலங்கு இறக்கவில்லை. அதனை நகருக்கு இழுத்து வந்து, கடல்நீரிலேயே அடைத்து, 'மோபி டால்' என்று பெயரிட்டனர். மூன்று திங்கள் நிறையுமுன் அது மாண்டது. அதற்குள் ஷெவில், வாட்கின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதன் ஒலிகளைப் பதிவு செய்துகொண்டனர். அவர்தம் ஆய்வு 1966-இல் வெளியாயிற்று.

ஓர்க்காவின் ஒலிகளுள் சொடுக்குப் போன்றவை எதிரொலியால் இரையையும் வழியையும் அறிய உதவுவன. நீண்ட கூவல்களோ உறவினரோடு தொடர்பு கொள்வதற்கானவை. 1970-களில் மைக்கேல் பிக் என்னும் கனடிய அறிஞர், முதுகுத் துடுப்பின் அடையாளங்களைப் படம் பிடித்து, ஓர்க்காக்களைத் தனித்தனியே இனங்கண்டார். இப்பகுதியில் மீனுண்டு வாழும் ஓர்க்காக்கள் ஆயுள் முழுதும் தாயைப் பிரிவதில்லை என்பது தெரிந்தது. அவற்றின் குரலை ஆராய்ந்த ஜான் ஃபோர்டு, ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஏழு முதல் பதினேழு வரை தனித்த கூவல்கள் உண்டென்று கண்டார். ரயிலில் அயலிருக்கைக்காரர் பேசும் இரண்டொரு வாக்கியங்களைக் கொண்டே, இவர் நெல்லையர், இவர் கொங்கு நாட்டவர் என்று நாம் அறிந்துகொள்வதில்லையா? அது போன்றதே இதுவும். மோபி டாலின் பழைய பதிவை ஒப்பிட்டபோது, அது 'ஜே' என்னும் கூட்டத்தின் பிள்ளை என்பது புலனாயிற்று.

இவ்வறிவு 2002-இல் ஓர் உயிரைக் காத்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரையடுத்த கடலில் ஓர் ஓர்க்காக் கன்று தாயின்றி, நோயுற்று, தனியே திரிந்தது. அதன் கூவல்களைக் கேட்ட அறிஞர்கள், அது வடக்கே கனடியக் கடலில் வாழும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது என்று உணர்ந்தனர். 'ஸ்பிரிங்கர்' என்னும் அக்கன்றைப் பிடித்து, நோய் தீர்த்து, ஜூலைத் திங்களில் ஜான்ஸ்டன் நீரிணையருகே விடுவித்தனர். சுற்றம் அதனை ஏற்றுக்கொண்டது. 2013-இல் அதுவே ஒரு கன்றுக்குத் தாயாகக் காணப்பட்டது.

மோபி டாலின் 'ஜே' கூட்டத்தையும் அதன் உறவுக் கூட்டங்கள் இரண்டையும் சேர்த்தால், இன்று எண்பது ஓர்க்காக்கள்கூட இல்லை. உணவாகிய சால்மன் மீன் அருகிவிட்டது. கப்பல்களின் இரைச்சல் அவற்றின் பேச்சை மூழ்கடிக்கின்றது. இச்சிறு குலம் மறையுமாயின், தாயிடம் கேட்ட அக்கூவல்களை மீண்டும் எழுப்ப உயிருள்ள குரல் ஒன்றும் இராது. எஞ்சுவது ஒலிநாடா மட்டுமே.