நெகிழ்வான வடிவமைப்பின் மதிப்பீடு

நெகிழ்வான வடிவமைப்பின் மதிப்பீடு என்பது, சாலை, பாலம், கட்டடம் போன்ற உட்கட்டமைப்புகளைப் பிற்காலத்தில் விரிவாக்கவோ மாற்றவோ இடம் வைத்துக் கட்டுவதால் கிடைக்கும் பயனைப் பண மதிப்பில் கணிக்கும் முறை ஆகும். வருங்காலத் தேவையை உறுதியாக அறிய இயலாத நிலையில் இது பயன்படுகிறது. நிதியியலின் தெரிவுரிமைக் கோட்பாட்டிலிருந்து இக்கருத்து வளர்ந்தது. மெய்த் தெரிவுரிமை என்னும் பெயரை 1977 இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் வழங்கினார்.

உளுந்தூர்பேட்டை - சேலம் சாலை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டையில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையுடன் சேலம் சாலை இணைகிறது. ஏறத்தாழ 136 கி.மீ. நீளமுள்ள இச்சாலை (முன்னர் தே.நெ. 68, தற்போது 79) 2010களின் தொடக்கத்தில் நான்கு வழியாக்கப்பட்டது. ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் உள்ளிட்ட ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே அமைந்தன. நடுத்திட்டுள்ள அகன்ற சாலையில் விரைந்து வரும் வண்டிகள், திடீரென எதிரெதிராகச் செல்லும் குறுகிய பாதையில் நுழைய நேர்ந்ததால் இவ்விடங்கள் விபத்துப் பகுதிகளாயின. அகலப்படுத்தக் கோரிக்கைகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன.

கணிக்கும் முறை

கற்பனையான ஒரு புறவழிச்சாலையைக் கொள்வோம். இன்றே நான்கு வழியாகக் கட்டச் செலவு 100 கோடி ரூபாய். இருவழி மட்டும் எனில் 52 கோடி. பின்னர் நிலம் வாங்கி விரிவாக்க 120 கோடி. நான்கு வழிக்கான நிலத்தை இப்போதே எடுத்து இருவழி மட்டும் கட்டினால் 60 கோடி. பின்னர் விரிவாக்க 50 கோடி. பத்தாண்டில் விரிவாக்கம் தேவைப்படும் வாய்ப்பு பாதி எனவும், அப்போது செலவிடும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 60 காசு எனவும் கொள்க.

நிலம் எடுக்காத திட்டத்தின் எதிர்பார்ப்புச் செலவு 52 + (0.5 × 0.6 × 120) = 88 கோடி. நிலம் எடுத்த திட்டத்திற்கு 60 + (0.5 × 0.6 × 50) = 75 கோடி. கூடுதலாகச் செலவிட்ட 8 கோடியைக் கழித்த பின்னரும் நெகிழ்வின் நிகர மதிப்பு 13 கோடி ஆகும்.

எனினும் இக்கணக்கு முழுமையானதன்று. காத்திருக்கும் காலத்தில் நேரும் நெரிசலும் உயிரிழப்பும் இதில் சேரவில்லை. அவற்றின் இன்றைய மதிப்பு 25 கோடியைத் தாண்டினால், முதலிலேயே நான்கு வழியாகக் கட்டுவதே சிக்கனம். உயிருக்கு விலை வைப்பது கடினம் என்பதற்காக அதனைச் சுழியமாகக் கொள்வதே இத்தகைய கணக்குகளில் பெரும் பிழை. மேலும், எத்தனை வண்டிகள் வந்தால் யார் செலவில் விரிவாக்குவது என்பது ஒப்பந்தத்தில் இல்லையெனில், தெரிவுரிமை தாளளவிலேயே நின்றுவிடும்.

பிற எடுத்துக்காட்டுகள்

லிஸ்பனில் 1966 இல் திறக்கப்பட்ட தாகுசு ஆற்றுப் பாலம், பின்னர் தொடர்வண்டிப் பாதை சேர்க்கும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. அப்பாதை 1999 இல் சேர்ந்தது. சிக்காகோவில் 1997 இல் 33 மாடிகளுடன் முடிந்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனக் கட்டடம், 2010 இல் 57 மாடிகளாக உயர்ந்தது. அடித்தளத்தின் வலுவும் கூடுதல் மின்தூக்கிகளுக்கான இடமும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தன.