நெடுவாசலும் ஊரார் சம்மதமும்

யந்திரங்களும் சாஸ்திரங்களும் பெருகப் பெருக, ஒரு தேசத்தார் ஆராய்ந்து தெளிய வேண்டிய கேள்விகளும் பெருகுகின்றன. ஒரு காரியம் கூடுமா என்பதை அத்துறையில் வல்லாரிடம் கேட்டறியலாம். அது தகுமா என்பதையோ, அதன் நன்மை தீமைகளை அனுபவிக்கப்போகும் அனைவரிடமும் கேட்டறிதல் வேண்டும். முதற் கேள்விக்கு விடை கிடைத்த மாத்திரத்தில் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணுவோர் உளர். அவ்வெண்ணத்தால் விளையும் கலக்கத்தை நம் புதுக்கோட்டை ஜில்லாவிலுள்ள நெடுவாசலின் சரித்திரம் நன்கு விளக்கும்.

நெடுவாசல் ஆலங்குடி தாலுகாவைச் சேர்ந்தது. நெல், கரும்பு, வாழை, தென்னை, பலா, மலர் முதலியன அவ்வட்டாரத்திற் செழித்து விளைகின்றன. குடியானவர்களுக்குப் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறுகளே ஆதாரம். நிலத்தடி நீர் கெடுமாயின் அவர்களுக்கு வேறு கதியில்லை என்பதை மனத்திற் கொண்டு பின்வருவனவற்றைப் படித்தல் நலம்.

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் முன்னரே அங்கு நிலங்களைக் குத்தகைக்குப் பெற்றுச் சோதனைக் கிணறுகள் தோண்டியிருந்தது. அவ்வாறு கண்டறிந்தும் எடுக்கப்படாமற் கிடந்த சிறு எண்ணெய்த் தலங்களைப் பிறருக்கு ஏலத்தில் விடுவதென மத்திய சர்க்கார் 2015-ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். 2017 பிப்ரவரி 15-ஆம் தேதி மத்திய மந்திரிசபை 31 ஒப்பந்தங்களுக்கு அநுமதி அளித்தது. அவற்றுள் நெடுவாசலும் ஒன்று. கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் என்னும் கம்பெனி அதனைப் பெற்றது. மறுநாளே ஊரார் திரண்டனர். சர்க்கார் தரப்பில் உறுதிமொழிகள் கூறப்பட, மார்ச்சு 9-ஆம் தேதி போராட்டம் நிறுத்தப்பட்டது. ஆயினும் மார்ச்சு 27-ஆம் தேதி டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகவே, ஏப்ரல் 12-ஆம் தேதி மீண்டும் பந்தலிட்டு அமர்ந்தனர். அக்டோபர் மாதம் வரை அது நீடித்தது.

இரு தரப்பாருக்கும் நியாயங்கள் இருந்தன. தேசத்திற்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. உள்ளூரில் கிடைப்பதை எடுத்தால் அவ்வளவு பொருள் மிச்சமாகும். கிணற்றைச் சுற்றி இரும்புக் குழாயும் சிமெண்டும் இட்டு அடைப்பதால் மேலுள்ள நீர் கெடாது என்றனர் ஒரு சாரார். குழாய் என்றேனும் பழுதுபட்டாலும், எண்ணெயோடு மேலே வரும் உப்பு நீர் நிலத்திற் பரவினாலும் யார் பொறுப்பாவார் என்று வினவினர் மற்றொரு சாரார். தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் மீத்தேன் எடுக்க 2010-ஆம் ஆண்டில் செய்த ஒப்பந்தத்தை நம்மாழ்வார் ஊரூராகச் சென்று எதிர்த்ததும், 2015-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் அத்திட்டத்தைத் தடுத்ததும் அவர்கள் நினைவில் இருந்தன.

இவ்வாதத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஹைட்ரோகார்பன் என்பது கரியும் நீரகமும் சேர்ந்த பொருள்களின் பொதுப்பெயர். பாறையை நீரழுத்தத்தால் பிளக்கும் முறையே அது என ஊராரிற் சிலர் மயங்கினர். அதைக் கண்ட படித்தவர்கள் அவர்களை அறியாதவர் என இகழ்ந்தனர். ஆனால் புதிய கொள்கையின்படி வழங்கப்பட்ட உரிமம் எல்லா வகை எண்ணெய்க்கும் வாயுவிற்கும் பொதுவான ஒரே உரிமம். இன்று செய்யவிருப்பது யாது என்பதற்கு அதிகாரிகள் விடை கூறினர். நாளை எது செய்ய இடமுண்டு என்பதே ஊராரின் அச்சம். கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த விடை வேறு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2016 அக்டோபர் மாதத்தில் பஞ்சாயத்துக்களின் காலம் முடிந்தது. மறு தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஆதலால் ஊருக்காகப் பேச வேண்டிய அக்காலத்தில், ஊரார் தேர்ந்த தலைவர் ஒருவரும் பதவியில் இல்லை. பேசுதற்கு மன்றம் இல்லாதபோது ஜனங்கள் பந்தலைத் தேடினர்.

பின்னர் 2020 ஜனவரி 16-ஆம் தேதி, எண்ணெய் தேடும் சோதனைப் பணிக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என மத்திய சர்க்கார் விதியைத் திருத்தினர். அடுத்த மாதமே, பிப்ரவரி 20-ஆம் தேதி, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. நம் ஜில்லாவில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஒன்றியங்கள் அதில் அடங்கின. ஆயினும் 2021 ஜூன் மாதத்தில் வடதெரு என்னும் நம் ஜில்லாப் பகுதியை மத்திய சர்க்கார் ஏலப்பட்டியலிற் சேர்க்க, தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆட்சேபித்துக் கடிதம் எழுத நேர்ந்தது. சட்டம் இருந்தும் விழிப்பு வேண்டியிருக்கிறது.

ஒவ்வோர் ஊரும் மறுத்தால் தேசத்திற்கு எண்ணெய் ஏது என்பர். அக்கேள்வி தள்ளத்தக்கதன்று. ஊராரைக் கேட்பது மறுப்பதற்கென்றே ஏற்பட்ட வழியுமன்று. உண்மையை முழுதும் கூறி, நஷ்டத்திற்கு ஈடும் பொறுப்பும் எழுத்தில் வகுத்தால் ஊரார் இசைதலும் உண்டு. ஒளித்துத் தொடங்கிய காரியம் நல்லதேயாயினும் ஐயத்தையே விளைக்கும். நம் சமஸ்தானத்தில் 1902-ஆம் ஆண்டிலேயே பிரதிநிதி சபையும், 1924-ஆம் ஆண்டில் சட்டசபையும் ஏற்பட்டன. அவற்றின் அதிகாரம் சிறிதேயாயினும், குடிகளைக் கேட்க வேண்டும் என்னும் கொள்கை மன்னராட்சியிலேயே இங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது.

நம் சங்கத்தாருள் நிலமுடையோரும் உளர். இஞ்சினீயர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் உளர். ஒரே குடும்பத்தில் தகப்பனார் ஏர் பிடிக்க, மகன் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்ப்பதும் உண்டு. அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதவர் என்று பேசுதல் தகாது. 2020-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் விதிகளின் நகல் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மாத்திரம் வெளியானபோது, மற்ற மொழிகளிலும் தருமாறு டில்லி ஹைகோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. அத்தகைய தஸ்தாவேஜுகளை ஊராருக்குத் தமிழில் விளக்குதல் நம் படித்த இளைஞர் செய்யத்தக்க பெரிய ஊழியம்.

ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. ஆடவரும் பெண்டிரும் தவறாது சென்று, தீர்மானத்தைப் படித்துப் பார்த்துப் பின்னரே கையெழுத்திடுவார்களாக. தம் ஊரின் நிலத்தையும் நீரையும் பற்றிக் கேட்கும் உரிமையை அங்கே பயன்படுத்துவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.