காலாவதி விதியின் பயன்: போதைக்கு ஆட்பட்ட பெற்றோரும் அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களும்

கருவுற்ற பெண் சட்டவிரோதமாகப் போதைமருந்து உட்கொண்டு, அதன் பாதிப்போடு குழந்தை பிறந்தால் தாய்மீது தாக்குதல் குற்றம் சுமத்தலாம் என்று 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் சட்டம் செய்தது. தண்டனை ஏறத்தாழ ஓராண்டுவரை சிறை. பேற்றுக்கு முன்பே சிகிச்சையில் சேர்ந்து, அதை முழுமையாக முடித்த தாய் அதையே தன் எதிர்வாதமாக வைக்கலாம். தண்டிப்பதற்கன்று, சிகிச்சைக்குள் கொண்டுவருவதற்கே இச்சட்டம் என்றனர் ஆதரித்தோர். அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: 2016 ஜூலை 1 அன்று இது தானே காலாவதியாகும். நீட்டிப்பு மசோதா கீழவையின் துணைக்குழுவைக்கூடத் தாண்டவில்லை, சட்டம் மடிந்தது.

குழந்தை நலம் குறித்துச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேச விரும்புவோர் பலரும் மசோதா நிறைவேறும் நாளையே இலக்காகக் கொள்கிறார்கள். அச்சட்டம் மீண்டும் அவர்கள் மேசைக்கு வரவேண்டிய நாளே அதைவிட முக்கியமானது என்பது என் வாதம்.

இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சட்டம் அபினிவகை மருந்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முதலில் கைதான பெண்ணின் வழக்கோ மெத்தாம்ஃபெட்டமின் பற்றியது. கருவுற்ற பெண்களை ஏற்கும் சிகிச்சை மையங்கள் மாநிலத்தில் சில. மூத்த பிள்ளைகளையும் உடன் தங்கவிடுபவை அதனினும் சில. எதிர்வாதம் ஏட்டில் இருந்தது, படுக்கை இல்லை. கைதுக்கு அஞ்சிய பெண்கள் கருக்காலப் பரிசோதனைகளுக்கு வராமல் ஒதுங்கினர். மருத்துவத்தின் நிலையோ தெளிவானது: கர்ப்பத்தில் அபினிவகைப் பழக்கத்தைத் திடீரென நிறுத்துவதைவிட மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் சிகிச்சையே பாதுகாப்பானது. அச்சிகிச்சையை ஒழுங்காகப் பெற்ற தாயின் குழந்தைக்கும் விலகல் அறிகுறிகள் தோன்றக்கூடும். அறிகுறியையே குற்றத்தின் சான்றாகக் கொள்வது எத்தனை அநீதி! 2016இல் குழுவின் முன் வந்த மருத்துவர்களும் தாய்மார்களும் பேசியபோது, ஊகத்தைத் தாண்டி அனுபவம் பேசியது.

தென் கரோலினாவை இதனோடு ஒப்பிடலாம். கருப்பைக்கு வெளியே வாழக்கூடிய வளர்ச்சியடைந்த சிசுவும் 'குழந்தை'யே என்று, கருக்காலத்தில் போதைமருந்து உட்கொண்ட தாய் பற்றிய விட்னர் வழக்கில் 1997இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்புக்குக் காலாவதி நாள் கிடையாது. அதைத் திரும்பப் பார்க்கும்படி சட்டமன்றத்தை எந்த நாட்காட்டியும் வற்புறுத்தவில்லை; அது நிலைத்துவிட்டது.

பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரிக்கும் சட்டத்துக்கோ கறாரான கடிகாரம் உண்டு. 1997ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தையின் பெற்றோர் உரிமையை நீக்க, சில விலக்குகள் நீங்கலாக, மாநிலம் மனுச் செய்யவேண்டும். போதையிலிருந்து மீள்வது நேர்கோடன்று. இடையில் ஒருமுறை சறுக்கினாலே மாதங்கள் கழிந்துவிடும். சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் ஏறுகின்றன. 2018ஆம் ஆண்டின் குடும்ப முன்தடுப்புச் சட்டம், தாயோடு குழந்தையும் சிகிச்சை இல்லத்தில் 12 மாதம்வரை தங்கக் கூட்டாட்சிப் பணத்தைத் திறந்துவிட்டது. அந்த இல்லங்களை எழுப்புவது மாநிலங்களின் கையில்.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பலருக்கு இவற்றைப் படிக்க நேரமில்லை. நியூ மெக்சிகோவில் அவர்களுக்குச் சம்பளமே இல்லை. ஓராண்டு 60 நாள், மறு ஆண்டு 30 நாள் கூடிக் கலைகிறார்கள். அங்கே 2019இல் ஒரு நல்ல சட்டம் வந்தது: கருவுற்ற பெண் போதைமருந்து பயன்படுத்தினாள் என்பது மட்டுமே குழந்தைத் துன்புறுத்தல் புகாருக்குப் போதாது, குடும்பத்துக்குப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்படவேண்டும். திட்டம் தாளோடு நின்றதா, சிகிச்சைவரை போனதா என்பதைத் தொடர்ந்து கேட்பதில்தான் குறை இருந்தது. 2025இல் அத்திட்டத்தின் பொறுப்பை வேறு துறைக்கு மாற்றப் புதிய சட்டம் தேவைப்பட்டது.

காலாவதி விதி நல்ல சட்டத்தையும் கொல்லும் என்பது நியாயமான மறுப்பு. அதனால் நான் கேட்பது அழியும் நாளை அல்ல, கணக்குக் காட்டும் நாளை. எத்தனை தாய்மார் சிகிச்சை பெற்றனர், எத்தனை குழந்தைகள் வீடு திரும்பினர் என்ற எண்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை துறை அவையில் வைக்கட்டும். இத்துறையில் மசோதா எழுதுவோரும், அதற்காக உறுப்பினர்களின் கதவைத் தட்டுவோரும், அந்த நாளை முதல் வரைவிலேயே எழுதிவிடுங்கள்.